குத்தினான், குத்திகினான்

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல புத்திமதிதான். செங்கல்பட்டு கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடத்திய காலம் முழுக்க அதைப் பெரும்பாலும் கடைப்பிடித்தேன், மானமும் தப்பியது. ஆனால் போன வாரம் பார் ரூமில் இளம் வக்கீல்களான உங்களில் ஒருவர், "மேடம், நீங்க அதை மீறினதே இல்லையா?" என்று கேட்டுவிட்டார். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். ஒருமுறை மீறினேன். அந்தக் கதையை வாயால் சொன்னால் பாதியில் யாராவது டீ குடிக்க எழுந்து போய்விடுவீர்கள், அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும். நான் இந்த ஊர்க்காரி இல்லை. சாத்தூர் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று நோண்டுகிற வியாதி எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. வீட்டில் அதற்குத் திட்டு வாங்கினேன். வக்கீலான பிறகு அதற்கே ஃபீஸ் வாங்கினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வந்த புதிதில் மாமல்லபுரத்துக் கைடு ஒருவருக்கு ஜாமீன் மனு போட்டேன். போலீஸ் அதிகாரியை வேலை செய்யவிடாமல் தடுத்தார், மரியாதை இல்லாமல் பேசினார் என்று புகார். அப்படி என்ன பேசிவிட்டார் என்று புகாரை வரிவரியாகத் தேடினேன். கூப்பிட்ட அதிகாரியிடம் "இன்னா சார்" என்றாராம். அந்த அதிகாரி மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்தவர். அவர் காதில் அது திமிராக விழுந்திருக்கிறது. மாஜிஸ்திரேட் இந்த மண்ணைச் சேர்ந்தவர். மனுவைப் படித்து முடித்துத் தலையைத் தூக்கி, "இன்னா மேடம் இது?" என்று என்னையே கேட்டார். கைடு அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து இந்த ஊர்ப் பேச்சைச் சட்டப் புத்தகம் மாதிரி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். வூடு, கீது எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. "கினு" மட்டும் பிடிபடவில்லை. வந்துகினு, போய்கினு, சொல்லிகினு. எங்கள் பக்கம் "கிட்டு" என்போம், அது தெரியும். ஆனால் இங்கே ரசத்தில் கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுகிற மாதிரி எல்லா வார்த்தையிலும் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான் மட்டுமா? ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதுகிறவர்களும் கோர்ட்டில் டைப் அடிக்கிறவர்களும்கூட அப்படித்தான் நடந்துகொண்டார்கள். வாயில் வருகிற கினு காகிதத்துக்குப் போகும்போது உதிர்ந்துவிடும். தமிழைச் சுத்தம் செய்வதாக அவர்கள் எண்ணம்.

இனி வழக்குக்கு வருகிறேன். நடந்து சில வருடங்கள் ஆகின்றன. அதன்பிறகு சட்டப் புத்தகங்களுக்கே பெயர் மாறிவிட்டது, பிரிவுகளுக்கு எண் மாறிவிட்டது. மனுஷர்கள் பேசுவது மாறவில்லை.

கோடைக்காலத்தில் மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போனால், செய்யூர்ப் பக்கம் வரைக்கும் கடற்கரைச் சாலையோரம் தர்பூசணிக் கடைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு கம்பு, மேலே ஓலை, கீழே பழக் குவியல். அப்படி ஒரு கடை சேகருடையது. பக்கத்திலேயே வெள்ளரிக்காயும் நுங்கும் விற்கிற கன்னியம்மாவின் கடை. சேகரின் மனைவி கௌரி. கௌரியின் அண்ணன் ஏழுமலை, கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இந்த நான்கு பேர்தான் வழக்கு.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை. கௌரி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். சேகர் அவளைக் கூட்டிப்போக வந்தான், அவள் வரவில்லை. தெருவே கேட்கும்படி வாசலில் நின்று அவளைக் கண்டபடி பேசிவிட்டுப் போனான். ஏழுமலை அப்போது வீட்டில் இல்லை. மறுநாள் விஷயம் அவன் காதுக்கு வந்தது. ஆட்டோவை எடுத்துக்கொண்டு நேராகச் சேகரின் கடைக்குப் போனான். நல்ல வெயில் நேரம், சாலையில் நிழல்கூட இல்லை. பழம் அறுத்துக்கொண்டிருந்த சேகரின் சட்டையைப் பிடித்தான். கொஞ்ச நேரம்தான். பழம் வெட்டுகிற நீளக் கத்தி சேகரின் தொடையில் இறங்கியிருந்தது. ஏழுமலையே அவனைத் தன் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். போகிற வழியில் சேகர் செத்துப்போனான்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டதும் ஏழுமலை சொன்னது ஒன்றுதான். நான்தான் பண்ணேன். கேட்ட எல்லோரிடமும் அதையே சொன்னான். வக்கீல் வைக்க மாட்டேன் என்றான். அதனால் இலவச சட்ட உதவியில் கோர்ட் என்னைப் போட்டது. ஜெயிலில் போய்ப் பார்த்தேன். நன்றாக வளர்ந்த ஆள், உட்கார்ந்த இடத்தில் சுருண்டு கிடந்தான்.

"எப்படி நடந்தது, சொல்" என்றேன்.

"நான்தான் மேடம் பண்ணேன். அதுக்கு மேல இன்னா கீது சொல்றதுக்கு."

"கத்தி சேகர் கையில்தானே இருந்தது? உன் கைக்கு எப்படி வந்தது?"

"தெர்ல மேடம். சட்டைய புட்ச்சேன், இஸ்தேன். கோவம் கண்ணை மறைச்சிடுச்சு. அப்பால பாத்தா கத்தி என் கைல கீது, அவன் கீழ கெடக்கறான். வேற யாரு குத்துவாங்க?"

"குத்தியது ஞாபகம் இருக்கிறதா?"

அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இன்னா மேடம், நோண்டிகினே கீறீங்க. நான்தான் ஒத்துகுறேன்ல. முட்ச்சி வுடுங்க."

ஜாமீன் மனு போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். "வெளிய வந்து என் தங்கச்சி மூஞ்சிய எப்படி பாக்கறது?" என்றான். ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தேன்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகும் எனக்கு அரிப்பாகவே இருந்தது. குத்தியவனுக்குக் குத்தியது ஞாபகம் இல்லை. பொய் சொல்கிறவனாக இருந்தால் குத்தவில்லை என்றல்லவா சொல்வான்? இவன் குத்தினேன் என்கிறான், எப்படி என்றால் முழிக்கிறான். ஆனாலும் கட்சிக்காரனே ஒத்துக்கொள்ளும்போது வக்கீல் அரிப்பைச் சொறிந்துகொண்டு உட்கார முடியாது. வழி இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு வழிதான் இருந்தது. வெறுங்கையோடு போனான், திடீர்க் கோபத்தில் நொடியில் நடந்துவிட்டது, திட்டமிட்ட கொலை இல்லை என்று வாதாடுவது. ஜெயித்தால் ஆயுள் தண்டனை குறைந்து சில வருட ஜெயிலாகும். விடுதலை என்று யாரும் கனவு காணவில்லை.

இதற்கு எனக்கு வேண்டியவள் கன்னியம்மா. நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். காரை நிறுத்திப் பழம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சண்டை ஆரம்பித்ததுமே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கன்னியம்மா அரசுத் தரப்பு சாட்சி. அவளிடம் நான் தனியாக ஒரு வார்த்தை பேச முடியாது, பேசினால் சாட்சியைக் கலைத்ததாக ஆகிவிடும். இது உங்களுக்கும் ஞாபகம் இருக்கட்டும். குறுக்கு விசாரணையில் ஏழுமலை வெறுங்கையோடு வந்ததையும் கண நேரத்தில் எல்லாம் முடிந்ததையும் அவள் வாயால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது என் திட்டம். குத்து என்ற வார்த்தைப் பக்கமே போகக் கூடாது.

அவளை விசாரிக்கிற நாள் வந்தது. கன்னியம்மா கூண்டில் ஏறினாள். ஒல்லியான பெண். கோர்ட்டைப் பார்த்துப் பயப்படவில்லை. மின்விசிறி தன் பக்கம் காற்றுத் தரவில்லை என்பதுதான் அவள் கவலை. நீதிபதி கொங்குப் பக்கத்துக்காரர், அரசு வழக்கறிஞர் தஞ்சாவூர்க்காரர், நான் சாத்தூர்க்காரி. இந்தக் கடற்கரைப் பேச்சுக்கு மூன்று பேருமே விருந்தாளிகள்.

"பார்த்ததைச் சொல்லுங்கம்மா" என்றார் அரசு வழக்கறிஞர்.

"இவன் ஆட்டோவ நிறுத்திட்டு வந்தான் சார். சேகர் பழம் அறுத்துகினு இருந்தான். இவன் போய் சட்டைய புட்ச்சான். அவன் தள்ளுனான். இவன் வுடல, இஸ்தான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இஸ்துகினு இருந்தாங்க. அப்பால குத்திகினான். ஒரே ரத்தம். நான் தலைல அட்ச்சிகினேன், கத்துனேன். இவன் அவன ஆட்டோல தூக்கி போட்டுகினு போனான்."

உங்களுக்குத் தெரியும், சாட்சி சொல்வதை நீதிபதி நல்ல தமிழில் சொல்லச் சொல்ல டைப் ஆகும். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட் தமிழில் எதிரி என்று பெயர். நீதிபதி சொன்னார்: "எதிரி சேகரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். இருவருக்கும் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. அப்போது எதிரி சேகரைக் கத்தியால் குத்தினார்." டைப்பிஸ்ட் தட்டினார். அரசு வழக்கறிஞர் திருப்தியாக உட்கார்ந்தார்.

நான் சாட்சியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா சொன்னது இரண்டே வார்த்தை. அப்பால குத்திகினான். யார் குத்தினார்கள் என்று அவள் சொல்லவில்லை. யாரை என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டையும் நீதிபதி போட்டுக்கொண்டார். தமிழில் அப்படி விட்டுவிட்டுத்தான் எல்லோரும் பேசுகிறோம், கேட்கிறவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். அவர்மேல் தப்பில்லை. பலமுறை சாட்சி சொல்லிக் கேட்டிருக்கிற எவரும் அப்படித்தான் நிரப்பியிருப்பார்கள். அவர் நிரப்பியதோடு நிறுத்தாமல், ஒரு கினுவையும் உதிர்த்துவிட்டார்.

உடனே எழுந்து ஆட்சேபம் சொல்லலாம். சொன்னால் அரசு வழக்கறிஞர் உஷாராகி, "எதிரிதானே குத்தினார்?" என்று அவளை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவார். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நல்லவேளையாக மதிய இடைவேளை வந்தது.

கேன்டீனில் எலுமிச்சைச் சாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவள் சொன்னதை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அவள் ஒன்றும் எல்லா வார்த்தைக்கும் கினு போடவில்லை. சட்டைய புட்ச்சான். தள்ளுனான். இஸ்தான். அறுத்துகினு இருந்தான், போட்டுகினு போனான் என்று நடந்துகொண்டிருப்பதற்கு வருகிற கினு வேறு; செய்து முடித்ததைச் சொல்லும்போது, ஒருவன் இன்னொருவனுக்குச் செய்தது எதிலும் கினு இல்லை. தலைல அட்ச்சிகினேன் என்றாள். அது அவளுடைய தலை. தனக்குத் தானே செய்துகொண்டது. அப்படியானால் குத்திகினான்?

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் குத்திக்கிட்டான் என்று சொல்லியிருந்தால் எனக்கு அந்த நொடியே விளங்கியிருக்கும். இத்தனை வருடமாகக் கொத்தமல்லி என்று நினைத்தது கொத்தமல்லி இல்லை.

ஆனால் சிலிர்த்தால் போதுமா? அவள் அதே அர்த்தத்தில்தான் சொன்னாளா, இல்லை வாய் போன போக்கில் வந்ததா? அதுதான் எனக்குத் தெரியாது. கேட்டு, அவள் ஏழுமலையைக் கைகாட்டி "இவன்தான் வேணும்னே கத்திய புடுங்கி குத்துனான்" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. எதிரியின் வக்கீலே கேட்டு வாங்கிய பதில் என்று தீர்ப்பில் எழுதுவார்கள். திடீர்க் கோபம் என்ற என் ஒற்றை வழியும் அடைபட்டுப் போகும். கேட்காவிட்டால் அவன் சில வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வருவான், மச்சானைக் கொன்றவனாகவே. நான் ஜூனியராக இருந்த ஆபீசின் சீனியர், சந்தேகம் வந்தால் உட்கார்ந்துவிடு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்லி நான் கெட்டதில்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் இருந்திருந்தால் என் சேலையைப் பிடித்து இழுத்தே உட்காரவைத்திருப்பார்.

சாதத்தை அப்படியே விட்டுவிட்டு, காவலுக்கு வந்த போலீஸ்காரர்களிடம் கேட்டுக்கொண்டு வராந்தாவில் ஏழுமலையைப் பார்த்தேன்.

"அன்னைக்கு உங்க ரெண்டு பேர் காலுக்குக் கீழே தரையில் என்ன கிடந்தது?"

"இன்னா கெடக்கும்? தர்பூஸ் தோலுதான். சீசன்ல அங்க நடக்கவே முடியாது, வழுக்கும். ஏன் மேடம்?"

"சும்மாதான்."

"திர்ப்பி நோண்ட ஆரம்ச்சிட்டீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மணி அடித்து உள்ளே போகும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பெரிய கேள்வியைக் கேட்கலாமா வேண்டாமா என்பதை ஒரு சின்னக் கேள்வியிடம் விட்டுவிடுவது. தப்பான பதில் வந்தாலும் யாருக்கும் சேதமில்லாத கேள்வியாக அது இருக்க வேண்டும். உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய தொழில் ரகசியம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் திட்டப்படி வேண்டியதை வாங்கிக்கொண்டேன். ஏழுமலை வெறுங்கையோடு வந்தான், ஆமாம். கத்தி சேகர் கையில் இருந்தது, ஆமாம். எல்லாம் கண நேரம்தான், ஆமாம். உட்கார்ந்துவிடலாம். உட்காரவில்லை.

"ரத்தத்தைப் பார்த்ததும் நீங்க என்ன செய்தீங்க?"

"சொன்னேனே மேடம். தலைல அட்ச்சிகினேன்."

"யார் தலையில்?"

கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். வக்கீலம்மாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பாள். "என் தலைலதான். வேற யார் தலைல போய் அடிப்பேன்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதி என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மேடம், இது வழக்குக்கு அவசியமா?" என்றார். இன்னும் ஒரே கேள்வி என்று கெஞ்சினேன்.

"தலைல அட்ச்சேன்னு சொல்லக் கூடாதா? அட்ச்சிகினேன்னு எதுக்குச் சொல்றீங்க?"

"அட்ச்சேன்னா வேற யாரையோ அட்ச்ச மாரி ஆயிடும்ல" என்றாள்.

சின்னக் கேள்வி பதில் சொல்லிவிட்டது. இனி உட்கார்ந்தால் நான் வக்கீலே இல்லை.

"காலையில், அப்பால குத்திகினான்னு சொன்னீங்க. யார்?"

அரசு வழக்கறிஞர் பாதி எழுந்தார். அதற்குள் கன்னியம்மா வாயைத் திறந்துவிட்டாள்.

"செத்தவன்தான். சேகரு."

"அவனை யார் குத்தினது?"

"யாரும் குத்தல மேடம். இவன் இஸ்தான், அவன் தோலு மேல கால வெச்சான், வழுக்கி வுயுந்தான். கத்தி கைலயே இருந்துச்சு. குத்திகினான். இவன்தான் அத புடுங்கிப் போட்டுட்டு, துண்டால கட்டி, ஆட்டோல ஏத்தனான். அதத்தான நான் காலைலேர்ந்து சொல்லிகினு கீறேன்."

நீதிபதி டைப் ஆன காகிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு கன்னியம்மாவைப் பார்த்து, "குத்தினான், குத்திகினான், ரெண்டும் ஒண்ணு இல்லைங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தக் கேள்வியால்தான்.

"அது எப்படி சார் ஒண்ணாவும்?" என்றாள் அவள்.

நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "சாட்சி சொன்ன வார்த்தைகளை அப்படியே, அவர் பேச்சிலேயே பதிவு செய்யுங்க" என்றார். பிறகு கேள்வியும் பதிலுமாக எல்லாம் டைப் ஆனது. "வுயுந்தான்" என்பதற்கு எந்த எழுத்துப் போடுவது என்று டைப்பிஸ்ட் கொஞ்சம் திணறினார்.

அரசு வழக்கறிஞர் விடவில்லை. அவர் வேலை அது. "போலீசில் வாக்குமூலம் கொடுத்தபோது எதிரி குத்தியதாகத்தானே சொன்னீங்க?"

"நான் குத்திகினான்னுதான் சொன்னேன் சார். அவங்க குத்தினான்னு எழுதிகினாங்க."

அந்த "எழுதிகினாங்க" எனக்கு இன்றைக்கும் அல்வா மாதிரி. தங்களுக்கு வேண்டியபடி எழுதிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதில் குற்றச்சாட்டு தொனிகூட இல்லை, நடந்ததைச் சொன்னாள். எழுதியவரும் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டார். ஆட்டோவோடு வந்து நான்தான் பண்ணேன் என்று ஒருவன் நின்றால், யாருக்கும் காது அந்தப் பக்கம்தான் சாயும். என் காதும் அத்தனை நாள் அங்கேதான் சாய்ந்து கிடந்தது.

அப்போதுதான் எதிரி நிற்கிற கூண்டிலிருந்து குரல் வந்தது. எதிரி தானாகப் பேசக் கூடாது. ஏழுமலை பேசினான்.

"அப்ப நான் குத்தலியா மேடம்?"

இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ பேருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கோர்ட்டில் அழுததில்லை. அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பாவனையில் குனிந்துகொண்டேன். தான் கொலை செய்தோமா இல்லையா என்று என்னிடம் கேட்கிற ஒரு கட்சிக்காரனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நீதிபதியும் அவனை அதட்டவில்லை. "உட்காருப்பா" என்று மட்டும் சொன்னார். கூண்டில் உட்கார இடம் கிடையாது. அவன் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

பிறகு நடந்தவை உங்களுக்குப் பழக்கமானவை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வந்தார். கையில் கத்தியோடு வழுக்கி விழுந்தால் இப்படிக் காயம் ஏற்படுமா என்று கேட்டேன். ஏற்படும் என்றார். இதற்கு முன் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. கத்திப் பிடியில் ஏழுமலையின் கைரேகை எப்படி வந்தது என்பதற்கும் கன்னியம்மாவே பதில் சொல்லியிருந்தாள். பிடுங்கிப் போட்டவன் அவன்தானே. ஏழுமலையை விடுதலை செய்த தீர்ப்பில் நீதிபதி, குத்தினான் என்பதற்கும் குத்திகினான் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஒரு பாராவே எழுதினார். இலக்கண வாத்தியார் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

எனக்கு இன்னும் சில கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. சட்டையைப் பிடித்து இழுத்தவன் அவன்தான், இழுக்காவிட்டால் சேகர் வழுக்கியிருக்க மாட்டான். அது ஏழுமலைக்கும் தெரியும். அவன் ராத்திரியில் தூங்குகிறானா என்று எனக்குத் தெரியாது. செய்த வேலையை மட்டும் சுமப்பதற்கும் செய்யாத கொலையையும் சேர்த்துச் சுமப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பார்ப்பேன். அதை அளக்க என்னிடம் எந்தச் சட்டமும் இல்லை. நீங்கள் யாராவது கண்டுபிடித்தால் வந்து சொல்லுங்கள், நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஆனால் சொல்ல வந்தது தீர்ப்பு நாளைப் பற்றி இல்லை. கன்னியம்மா சாட்சி சொன்ன அதே சாயங்காலத்தைப் பற்றி.

கௌரியும் அந்த வழக்கில் அரசுத் தரப்பு சாட்சிதான். வீட்டில் நடந்த சண்டையைச் சொல்ல வந்தவள். புருஷன் செத்த நாளிலிருந்து அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெயிலுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. தன் சாட்சியம் முந்தின நாளே முடிந்துவிட்டதால் அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மா பேசி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வழக்கு எந்தப் பக்கம் தீர்ந்தாலும் அவளுக்குப் புருஷன் திரும்பி வரப்போவதில்லை.

கோர்ட் கலைந்தது. வராந்தாவில் போலீஸ்காரர்கள் ஏழுமலையை வேனுக்குக் கூட்டிப்போனார்கள். கௌரி தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடக்கப் பார்த்தான். அவள் குறுக்கே வந்து நின்றாள். போலீஸ்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவன் சட்டையில் பித்தான் ஒன்று அறுந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நகர்ந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. என் வியாதிதான் உங்களுக்குத் தெரியுமே.

"ண்ணா, சோறு துன்னியா?" என்று கேட்டாள்.

அவன் தலையை நிமிர்த்தி, "இல்லம்மா" என்றான். "நீ துன்னியா?"